மூட்டைக்குச் சர்க்கரை நூற்றாறு

பானு பறித்த காப்பிப் பழ மூட்டைக்குச் சர்க்கரை நூற்றாறு. இதயத் துடிப்பு எழுபத்திரண்டு. இரண்டும் நார்மல்.

'அருமை! இப்படியே தொடருங்கள்' என்று மூட்டையைப் பாராட்டி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கமலக்கண்ணனின் சட்டைப் பையிலிருந்த போன் கிணுகிணுத்தது.

தப்பு அவருடையதுதான். எஸ்டேட்டில் பறித்தவர் பெயர் எழுதிய அட்டையை மூட்டையின் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் தராசில் ஏற்ற வேண்டும். பதினாறு வருஷமாகக் கட்டுகிற கை, கண்ணைக் கேட்காமலே கட்டும். இன்றைக்கு ஒரு கையில் பானுவின் அட்டை. இன்னொரு கையில், ஆபீஸில் சார்ஜ் போட்டு எடுத்த, மனைவி சுதாராணியின் சர்க்கரைக் கடிகாரம். அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்துவிட்டு, கடிகாரத்தை மூட்டைக்குக் கட்டிவிட்டார்.

சாக்கின் மேல் பச்சை விளக்கு மினுக்கியது. அந்த விளக்குதான் தோலைக் குத்தாமல் ரத்தத்துக்குள் எட்டிப் பார்த்துச் சர்க்கரையைச் சொல்லும் என்று, விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

கமலக்கண்ணன் அவசரப்பட்டு யாரையும் சந்தேகப்படுகிறவர் இல்லை. கடிகாரத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அவிழ்த்துத் தராசுக் கம்பியில் கட்டினார். கம்பிக்கு நூற்று நான்கு. மண்வெட்டிப் பிடிக்கு நூற்றெட்டு. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்போல.

மொத்தத்தில் கரடியூர்ப் பக்கம் சர்க்கரை வியாதியே இல்லை.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

சுதாராணிக்கும் இரண்டு மாதமாக நூற்று நான்குக்கும் நூற்றெட்டுக்கும் நடுவில்தான் இருந்தது.

அந்த எண்களைப் பார்த்துப் பூரித்து, எந்த டாக்டரையும் கேட்காமல், ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்ன மேதை அவர்தான். அதுவரை தினமும் காலையில் அவள் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவந்தவரும் அவரே. இனி எதற்கு என்று அந்த மிஷினைக் குப்பைக் குழியில் வீசியவரும் அவரே. பாவம், சுதாராணிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும், அதனால்தான் இதை வாங்கினேன் என்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்.

சுதாராணியின் அக்காளுக்கு இதே வியாதியில் இரண்டு கால்விரல்கள் போயின. போன வாரம் சுதாராணி பாதம் மரத்துப்போகிறது என்றபோது, அது மார்கழிப் பனி என்று கமலக்கண்ணன் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

கடிகாரக் கம்பெனிக்குப் போன் போட்டார். இதை நம்பலாமா, கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டார். தேன் குழைத்த குரலில் ஒரு பெண், உடலுக்கு உடல் அளவு மாறும் என்றாள். இது உடல் இல்லம்மா, மூட்டை என்றார். சாரின் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்றாள். கடைசியில், இது மருத்துவக் கருவி அல்ல, ஆரோக்கிய வாழ்க்கைத் துணை என்றாள்.

வாழ்க்கைத் துணை கீழே ஏழாம் நம்பர் காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

தராசை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். பனியில் நனைந்த சரிவு. இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே இறங்கினார். வேட்டியில் பாதி எஸ்டேட்டைச் சுமந்துகொண்டு, இடுப்பில் சாக்குக் கட்டி நின்ற சுதாராணியின் முன்னால் போய் மூச்சிரைத்தார். பக்கத்து வரிசைப் பெண்கள், ரைட்டரையும் எடை போட்டுவிடலாமா என்று கேலி செய்தார்கள்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மூட்டை, கம்பி, மண்வெட்டி எல்லாவற்றையும் சொன்னார். தன்னைத் தானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். இப்போதே கிளம்பு, சேலம் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாகிறதே என்றார்.

சுதாராணி பழுத்ததாகப் பார்த்து இரண்டு உருவிச் சாக்கில் போட்டாள்.

"நான் எங்கீங்க நிறுத்துனேன்?"

அவள் ஒருநாளும் நிறுத்தவில்லை. கடிகாரம் வந்த அன்றைக்கே, அவர் குளிக்கப் போன நேரத்தில், அதை ஆட்டுக்கல்லின் மேல் வைத்துப் பார்த்தாளாம். ஆட்டுக்கல்லுக்கும் நல்ல உடம்பு. அதற்கப்புறம் செவ்வாயும் சனியும் நர்ஸ் கலாவதி வீட்டுக்குப் போய், தன் விரலைத் தானே குத்திப் பார்த்துக்கொள்கிறாளாம். இன்றைக்குக் காலையில் நூற்றறுபது. பாதம் மரத்ததையும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை சேலத்துக்குக் கலாவதிதான் கூட்டிப் போகிறாள். ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான், அதற்கென்ன பயம் என்றாள்.

கமலக்கண்ணன் ஒரு காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிம்மதிப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல், சட்டப்படி கிடைக்கவேண்டிய கோபத்தை எடுத்துக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு புள்ள, ரெண்டு மாசமா அதைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச? தெனமும் நம்பர எங்கிட்டக் காட்டி நொம்ப நல்லாருக்குதுன்னு வேற சொன்ன?"

பக்கத்து வரிசைக்குக் கேட்காதபடி சுதாராணி ஓரடி கிட்டே வந்தாள்.

"எனக்கு ஊசி குத்திப்போட்டு, ஊட்டுக்குப் பொறகால போயிக் கொழாயத் தொறந்து உட்டுட்டு, தெனமும் நின்னு அழுதீங்களே. கடியாரம் வந்த பொறகுதானுங்க அது நின்னுது."