அறுபது கிலோ

தோளும் இடுப்பும் விண்விண்ணென்று வலிக்க, பழவங்காடி ஜிம்மிலிருந்து சுசீலாபாய் வீட்டுக்குள் நுழைந்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் ஞானையன் சிரித்தார். "ஏட்டி, பயில்வான் வந்தாச்சா? இந்த வயசுல எவன்கூட மல்லுக்கட்டப் போற?"

"ஜிம்முல பயிற்சி குடுக்குற பிஜுவும் இதத்தான் கேக்கான். 'சேச்சி, இரும்பு வேண்டா. வீட்டுலயே பஸ்கி, தண்டால் எடுத்தாப் போதும்'ங்கான்."

"சரியாத்தானே சொல்லுகான்? பஸ்கி எடுத்துத்தானே உன் முட்டுவலி போச்சு?"

"போச்சு. என் உடம்பைத் தூக்க அது போதும். இன்னைக்கு அறுபது கிலோ இரும்பைத் தூக்கிட்டேன்."

"அறுபது கிலோ யாருக்குட்டி?"

அவள் கட்டிலருகே வந்தாள். குனிந்து, அவர் கக்கத்தில் கைகோத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள்.

சாலைக் கடைத்தெருவில் சுமை இறக்கும்போது மூட்டை சரிந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து, பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் வந்து தூக்கும்வரை, வெளிக்குப் போகக்கூட அவர் காத்துக்கிடப்பார்.

"கல்யாணம் ஆன புதுசுல கல்லாத்துல என்னை அரிசி மூட்டை மாதிரித் தோள்ல போட்டு அக்கரை சேத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞானையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னைக்கு நீ நாப்பது கிலோகூட இருக்கமாட்ட."

"இன்னைக்குக் கட்டில்லருந்து நாற்காலி வரைக்கும்தான் ஆச்சு. உங்களைச் சுமந்து கல்லாத்தைக் கடக்க வேண்டிய கடன் இன்னும் பாக்கி."