பெல்ட்டின் தடம்

சட்டையைக் கழற்றச் சொன்னதும் அவன் மருத்துவரைப் பார்க்கவில்லை; மனைவியைப் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்களே டாக்டர். குழந்தைக்குத்தானே.”

“ரெண்டு பேரையும் பாத்தாத்தான் அடுத்ததப் பத்திச் சொல்ல முடியும்,” என்றார் தோல் மருத்துவரான அந்த அம்மாள்.

அடுத்தது மனைவியின் வயிற்றில் புரண்டுகொண்டிருந்தது. இதற்கும் வருமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

மூத்த மகளுக்குப் பிறந்த அன்றே தோல் வெடித்தது. கொப்புளம் வாடிய இடமெல்லாம் செதில் கட்டியது. காலையில் படுக்கையை உதறினால் ஒரு கைப்பிடி உதிரும்.

“எங்க வகையில ஏது இதெல்லாம்? அவ பொறந்த வீட்டுச் சொத்து,” என்று நாத்தனார் சிரித்த நாளில், அவன் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான்.

மனைவியின் மேனியைச் சற்றுமுன்தான் மருத்துவர் லென்ஸ் வைத்துத் துழாவி முடித்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

தோளில் தொடங்கி விலாவரை வளைந்திறங்கும் சொரசொரப்பான பழுப்புப் பட்டை. அவள் விரல்களுக்கு அது மனப்பாடம். மணமான புதிதில், விளக்கணைத்த அறையில் முதன்முதலாகத் தட்டுப்பட்டபோது, “அப்பா பெல்ட்டால அடிச்சது. அதப் பத்தி எதுவும் கேட்டுடாத,” என்றிருந்தான். அவள் கேட்கவில்லை. அதன்மேல் கன்னத்தை வைத்து அழுதாள்.

அன்றுமுதல் அந்த வீட்டில் ஒரு பெல்ட்டும் அவளோடு குடியிருந்தது. மாமனார் கழற்றி மாட்டும் ஆணியில் அதன் கொக்கி காற்றுக்குக் கதவில் இடிக்கும். அந்த ஓசை கேட்டாலே, ஒரு சிறுவன் முதுகைக் காட்டி எங்கோ நிற்பதாகத் தோன்றும்.

மகள் பிறந்ததும் சொல்லிவிட்டாள்: “மாமா, அடிச்ச கை இவ மேல படவேண்டாம்.”

கிழவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

மறுநாள் ஆணி வெறுமையாக இருந்தது. அதற்குப்பின் அவர் பெல்ட்டே கட்டவில்லை. இளைத்த இடுப்பில் நில்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடியே நடமாடினார். பேத்தியைக் குளிப்பாட்டும்போது சாத்திய கதவுக்கு வெளியே நின்று, “மகாராணி, தாத்தாவுக்கும் ரெண்டு சொம்பு மிச்சம் வைங்க,” என்பார். உள்ளே அது கிளுகிளுவென்று சிரிக்கும்.

குற்றமுள்ள நெஞ்சு குழைகிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். ஆணி வெறுமையான பின்னும் கொக்கியின் ஓசை மட்டும் அவளுக்கு நிற்கவில்லை.

மருத்துவர் பட்டையின் மீது லென்ஸை மெல்ல நகர்த்தினார்.

“இது எப்பலேர்ந்து இருக்கு?”

அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்தான்.

“பொறந்ததுலேர்ந்தே, டாக்டர்.”

“அதான். உங்களுக்கு ஒரு கோட்டோட நின்னுடுச்சு. குழந்தைக்கு உடம்பு பூரா எறங்கிடுச்சு. வயித்துல இருக்கறதுக்கு வரலாம், வராமலும் போகலாம். டெஸ்ட் எடுத்துத்தான்...”

மிச்சம் அவள் காதில் விழவில்லை. கொக்கி இடித்துக்கொண்டே இருந்தது. முதுகைக் காட்டி நின்ற அந்தச் சிறுவனை யாரும் அடித்திருக்கவில்லை.

கதவைத் திறந்தாள். நடைகூடத்துப் பெஞ்சின் ஒரு கோடியில் மகள், மறுகோடியில் மாமனார். நடுவில் அவள் இட்டிருந்த இடைவெளி அப்படியே இருந்தது. அவருடைய கைகள் இரண்டும் தொடைக்கடியில் இருந்தன.

அவளைக் கண்டதும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் மகளைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

அவர் கை எழவில்லை. அவளைத் தாண்டி, உள்ளே பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் நின்ற மகனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன எதுவும் கேட்டுடாதம்மா.”