வாலைத் தூக்கிக்கொண்டு வந்தவன்

அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வால் நட்சத்திரம், பொழுது சாய்ந்ததும் மேற்கே தெரிய ஆரம்பித்தது.

"வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான் பாரு, சண்டைக்குத்தான் வந்திருக்கான்!" என்று கிழட்டு நாய் குரைத்தது.

கூடவே வளர்ந்த பூனைக்குச் சிரிப்பு வந்தது. நாயின் மூஞ்சியைப் பார்த்து அடக்கிக்கொண்டது.

தினமும் தொண்டை கட்டும்வரை நாய் குரைத்தது. வால் நட்சத்திரம் மங்கி மங்கி, பதினோராம் நாள் காணாமல் போனது.

"பயந்து ஓடிட்டான்," என்றது நாய், மூச்சு வாங்க.

"ஆமா. இனி எண்ணூறு வருஷம் கழிச்சுத்தான் வருவானாம். ரேடியோவுல சொன்னாங்க."

நாய்க்குக் கவலை வந்துவிட்டது. "அப்பவும் நான்தானே காவல்?"

பூனை அதன் நரைத்த மூக்கை நக்கிக்கொடுத்தது.

"பின்னே, உன்னை விட்டா யாரு இருக்கா? இப்பத் தூங்கு. வந்தா நான் எழுப்புறேன்."