அனுவின் மூக்கு

கூடப் பிறந்தவள் செத்து மூணு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு மூக்கழகு கேட்கிறதா என்று இந்திராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சந்தியாவுக்குத் துணையாக கிளினிக் வந்திருந்தாள். வேவு பார்க்கத்தான்.

இந்திராணியின் தம்பி சிவபாலனின் மனைவி அனு, காய்ச்சலில் போய்விட்டாள். அவளோடு இரட்டையாகப் பிறந்தவள் சந்தியா. குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து தங்கியிருக்கிறாள். உரித்து வைத்தாற்போல் ஒரே முகம், மூக்கைத் தவிர. நாலு வருஷத்துக்கு முன் மூக்கு மேட்டை ஆபரேஷனில் செதுக்கப் போய், சந்தியாவுக்கு அங்கே குழி விழுந்துவிட்டது.

காந்தி ரோட்டில் பட்டுக்கடைக்கு மேல் மாடி கிளினிக். டாக்டர் தாஹிரா இரண்டு வழி சொன்னார். மறுபடி ஆபரேஷன் செய்தால் ஆயுசுக்கும் நிற்கும். ஃபில்லர் என்பது குழியை நிரப்புகிற வெறும் ஊசிதான், ஆனால் ஒரு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். கத்தி பட்ட மூக்கு என்பதால் ஊசியிலும் ஆபத்து உண்டு.

சந்தியா கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் அனுவின் படம்.

"இந்த மேடு அப்படியே வேணும் டாக்டர். ஊசியே போதும்."

இந்திராணி போட்டோவையும் சந்தியாவையும் மாறி மாறிப் பார்த்தாள். செத்தவள் முகத்தை மாட்டிக்கொண்டு தம்பியை வளைக்கப் பார்க்கிறாளா?

ஊசி போட்டு வெளியே வந்தவளைப் பார்த்ததும் இந்திராணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அனுவேதான் நின்றாள்.

"போலாமாக்கா?" குரலும் அவளுடையதே.

மூக்கை ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரமும் சிவபாலன் சந்தியாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்திராணியும் தம்பி வீட்டைவிட்டு நகரவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம். ரெண்டு வயசு காயத்ரி தூக்கத்துக்கு அழுதது. அம்மாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் பழகிய குழந்தை. ஊசிக்கு முன்னால் தினமும் சந்தியாவின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, 'அம்மா இல்ல' என்று வீறிடும்.

இன்றும் தடவியது. விரல் மேட்டில் போய் நின்றது. "அம்மா" என்றது, அப்படியே தூங்கிப்போனது.

இந்திராணி குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். "ஆபரேஷனே பண்ணிக்கினு இருக்கலாமேம்மா. இது கரைஞ்சிடுமே."

"கரையட்டும்கா. போன வாட்டி ஒரே நாள்ல போயிட்டா. இந்த வாட்டியாவது இவ அம்மா கொஞ்சம் கொஞ்சமா போகட்டும்."