உப்புப் பூக்காத பனியன்

கொடியில் காய்ந்துகிடந்த மகளின் பனியனை எடுத்து நக்கிப் பார்த்தேன்.

உப்பு இல்லை.

காலையில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள், முப்பது கிலோமீட்டர் ஓடினேன் என்றாள். அவ்வளவு ஓடினால், காய்ந்ததும் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அவள் துணியை உலர விட்டுத் துவைக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?

இது குழாய்த் தண்ணீர்.

எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பெற்ற பிள்ளையையும் சேர்த்துத்தான்.

இந்த ஓட்டமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"யாரும் துரத்தாம எதுக்குடி ஓடுற?"

"பாதி தூரம் கால் ஓடும்ப்பா. மீதியை மனசுதான் ஓடணும்."

கால் போய்விடும், அன்றைக்கு என்னிடம் வந்து அழாதே என்றேன். கால் நகம் இரண்டு கறுத்து விழுந்தது. அழவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அவள் அம்மா, சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

பனியனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எவன் அவன் என்று கேட்டுவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

வாசலுக்கு மூன்று படி. இடது காலை வைத்தாள். சுவரைப் பிடித்தாள். வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்தாள். அடுத்த படிக்கும் அதே மாதிரி.

மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். முட்டி போனதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த காலத்தில் நானும் இப்படித்தான் படியேறினேன். பாம்பின் கால் பாம்பறியும்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். மூன்றாவது படியை ஒரே எட்டில் ஏறிச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

அப்பவே சொன்னேன் பார்த்தாயா என்று சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

பனியனை நீட்டினேன்.

"நாளைக்கு நனைக்கிற தண்ணியில ரெண்டு கல் உப்பு போட்டுக்க."

பனியனை வாங்கிக்கொண்டாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டி, காலை என் பக்கம் நீட்டினாள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் வீங்கியிருந்தது. கை வைத்தேன். கொதித்தது.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடுப்பா" என்றாள்.