யாருக்கு ராஜா?

"மூணு பௌர்ணமியா ராஜா சீட்டு மணிமொழிக்கே வருது! கலைக்கிறதுலதான் ஏமாத்து வேலை!" என்று கத்தினான் வளையல் கடை செழியன்.

அடி அண்ணாமலையில் கோயிலை ஒட்டிய இடத்தில் கடை போட எல்லாருக்கும் ஆசை. அதனால் ஆளுக்கொரு சீட்டு. ராஜா வருபவருக்கே இடம்.

"நீங்களே கலைங்கண்ணா" என்றாள் பொரிக்கடை மணிமொழி எரிச்சலாக.

செழியன் சீட்டுகளைப் பிடுங்கிப் பரபரவென்று கலைத்து வைத்தான். மணிமொழி அடிப்பாதியை எடுத்து மேலே வைத்தாள். அவன் முகம் கறுத்தது. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசிச் சீட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டான்.

மறுபடியும் மணிமொழிக்கே ராஜா.

செழியன் தன் சீட்டைக் கிழித்தெறிந்தான்.

"உன்னை யாரு மாத்தி வெக்கச் சொன்னது? அடியில இருந்த ராஜா எனக்குத்தானே வந்திருக்கணும்!"

மணிமொழி அவனை முறைத்தாள்.

"கலைச்ச சீட்டுல ராஜா அடியில இருந்துச்சுனு உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"