கேலரி நிறைந்த நாள்

ஒரு கல்லூரி மைதானத்தில் சிமெண்ட் கேலரி ஒன்று இருந்தது. கால்பந்து ஆட்டம் என்றால் ஊரே வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். கடலைத் தோலைக் கொட்டும், கோல் விழுந்தால் குதிக்கும். மேல்படி மூலை எதிர்வீட்டு லூர்துசாமிக்கு. விசிலடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இத்தனை பேரைச் சுமந்து முதுகு வலித்தாலும் கேலரிக்கு அதில் தனிப் பெருமை. டிக்கெட் காசில்தான் வருஷா வருஷம் அதற்கு வெள்ளையடிப்பார்கள்.

ஒருநாள் டிவி கேமரா வந்து இறங்கியது.

"இனி ஜில்லாவே உங்களைப் பார்க்கப்போகுது, அக்கா!" என்றது கேமரா.

கேலரி பூரித்துப்போனது. இன்னும் பெரிய கூட்டத்தைச் சுமக்க முதுகைத் தயார் பண்ணிக்கொண்டது.

அடுத்த ஆட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளையடிப்பதும் நின்றுபோனது.

"என் ஜனமெல்லாம் எங்கே தம்பி?"

"வீட்ல உட்கார்ந்து பார்க்கிறாங்க. ஆனா நீ இப்படிக் காலியாக் கிடந்தா திரையில நல்லாவா இருக்கு?" கேமரா முகத்தைச் சுளித்தது.

இறுதி ஆட்டத்தன்று, கைதட்டும் கூட்டத்தை அச்சடித்த பெரிய ஃபிளக்ஸைக் கொண்டுவந்து கேலரியின் மேல் இழுத்துக் கட்டினார்கள். கோல் விழுந்தது. ஒருத்தரும் குதிக்கவில்லை. முதுகில் பொட்டுக் கனம் இல்லை.

எதிர்வீட்டு ஜன்னல் வழியாக, டிவி முன்னால் உட்கார்ந்திருந்த லூர்துசாமியின் குரல் மட்டும் கேட்டது.

"யப்பா, என்னா கூட்டம்! நல்லவேளை நாம போகலை. உட்கார இடம் கிடைச்சிருக்குமா?"